சுழி கேட்ட வட்டம்

இந்தப் பக்கம் திரும்பிப் படு அம்மிணி. அத்தை சொல்லுவேன், நீ 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா பாதியில நிறுத்திப்புடுவேன், ஆமா.

ஒரு ஆத்தங்கரை ஊர்ல ஒரு பரிசல்காரன் இருந்தானாம். மாரப்பன்னு பேரு. அவன் பொண்டாட்டி பாவாயி. பரிசல் பாத்திருக்கியில்ல? பெரிய கூடையாட்டம் வட்டமா இருக்கும். முன்னும் கெடையாது, பின்னும் கெடையாது. அந்த ஆத்துல ஒரு சுழி. அதுவும் வட்டம். கிறுகிறு கிறுகிறுன்னு ஓயாம சுத்திக்கிட்டே கெடக்கும்.

ம்?

ஒருநாள் ஆத்துல வெள்ளம். அக்கரையில ஒருத்திக்குப் பிரசவ வலி. மாரப்பன் மருத்துவச்சியப் பரிசல்ல ஏத்திக் கொண்டு போய் விட்டுட்டான். அப்புறம் தனியாத் திரும்பி வரையில சுழி பிடிச்சுக்கிச்சு. பரிசல் கிறுகிறுன்னு சுத்துச்சு, களக்! ஆளையும் காணோம், பரிசலையும் காணோம்.

ஊரே தேடுச்சு. மேல கழுகு வட்டம் போட்டுச்சு. "அவ்வளவுதான் பாவாயி, மனசத் தேத்திக்க"ன்னாங்க. அவ நம்பல. எப்படி நம்புவா, பாவம்? ஆத்தோரத்துலயே உக்காந்து, "என் புருசனக் குடு, என் புருசனக் குடு"ன்னு சுழியக் கேட்டா.

அப்போ சுழி பேசுச்சாம். "வட்டமா எதாச்சும் குடு. அவனத் தர்றேன்."

"வட்டமா என்கிட்ட என்ன இருக்குது?"

"கையப் பாரு."

கை நிறைய கண்ணாடி வளையல். கழட்டிப் போட்டா. சலங், சலங், சலங். அப்புறம் சுழி அவன் துண்டைக் கொண்டாந்து கரையில ஒதுக்குச்சு. பாவாயிக்கு என்ன சந்தோசம்! துண்டு வந்துச்சு, ஆளும் வந்துருவாருன்னு அதை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டா.

"இன்னொண்ணு குடு. நெத்தியில இருக்குதே."

தண்ணிய அள்ளி நெத்தியக் கழுவுனா. அத்தாம்பெரிய குங்குமப் பொட்டு, செவச்செவன்னு தண்ணியோட போச்சு. அப்போ துடுப்பு வந்துச்சு, டொக்கு டொக்குன்னு பாறையில முட்டிக்கிட்டு.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. கழுத்தச் சுத்திக் கெடக்குதே."

மஞ்சக் கயிறு, தாலி. அதை உள்ளங்கையில பொத்திப் பிடிச்சா. அப்புறம் தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டா. 'கட்டினவரே வரப் போறாரு. வந்தா மறுபடி கட்ட மாட்டாரா?' கழட்டி, கண்ணுல ஒத்தி, போட்டுட்டா.

நான் ஒண்ணும் அழுவல. நீ படு.

அப்போ ஆறே நின்னாப்புல இருந்துச்சாம். பரிசல் மெல்ல மெல்லச் சுத்திக்கிட்டு மேல வந்துச்சு. உள்ள மாரப்பன் சுருண்டு படுத்திருந்தான். "ஏனுங்க, எந்திரிங்க"ன்னு தொட்டா. சில்லுனு இருந்தான்.

"ஏமாத்திட்டியே பாவி!"

"அவனத் தர்றேன்னேன், தந்துட்டேன். உசுரு எங்கிட்ட இல்ல தாயி"ன்னுச்சு சுழி.

அப்புறம் காரியத்தன்னிக்கு ஊர்ப் பொம்பளைங்க வந்தாங்க. புருசன் செத்தா அவ வளையல உடைக்கணும், பொட்ட அழிக்கணும், தாலிய அறுக்கணும்னு ஒரு வழக்கம். நாசமாப் போன வழக்கம். அதைச் செய்ய வந்தவங்களும் புருசனப் பறிகொடுத்தவங்கதான். கையில கல்லு வெச்சிருந்தாங்க.

பாவாயி ரெண்டு கையயும் நீட்டினா. வெறுங்கை. "உடைக்க ஒண்ணுமில்லக்கா. அவரு வருவாருன்னு நானே ஆசையாக் குடுத்துட்டேன்."

ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. கல்லு கீழ விழுந்துச்சு, தொப்பு. அவளைச் சுத்தி வட்டமா உக்காந்துட்டாங்க. இருந்ததுல மூத்தவ பாவாயியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு நாலு பேரு கைய அமுக்கிப் பிடிச்சுல்ல உடைச்சாங்க. உன்னாட்டம் ஆசையாக் குடுக்க என்னை விடலியேடி"ன்னு ஓன்னு அழுதா. பாவாயிக்காக வந்தவங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்களுக்காக அழுதாங்க.

கதை அவ்வளவுதான் கண்ணு. அவங்களும் அழுது ஓஞ்சாங்க, நீயும் கண்ண மூடித் தூங்கு.