வாயில் இருந்த பெயர்

"ஆள் தெரியாம ஒருத்தங்க காட்டின அன்பை நாம வச்சுக்கலாமா, சாமி?"

உத்திராபதி இப்படிக் கேட்டது ஆடி பிறந்த அன்றைக்கு. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே பாலத்தைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தது.

சாமி முதுகைச் சொறிந்துகொண்டார்.

எங்கள் சாமிக்கு முப்பது வயசுதான் இருக்கும். பெரியசாமி சமாதியானதும் இவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். கேட்கிறவருக்கோ சாமியைப் போல இரண்டு பங்கு வயசு. யார் யாருக்குக் குரு என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

நான் செங்கமலம். இந்த மடத்தில் சமைக்கிறவள். ஞானம் கீனம் எல்லாம் எனக்கு எட்டாது. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

"வெவரமாச் சொல்லுங்கய்யா" என்றார் சாமி.

மூன்று மாதமாக மடத்தில் விறகு பிளந்துகொண்டு, வாயைத் திறக்காமல் கிடந்த மனுஷர் அன்றைக்குத்தான் சொன்னார்.

சித்திரையில் அவர் சம்சாரம் குஞ்சம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. அரிசி மில்லில் இருந்து ஓய்ந்து வந்தவருக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது அவள் ஒருத்திதான். பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை, ஒரு விடிகாலையில் கொடியில் கிடந்த வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அது மஞ்சள் வேட்டி என்பதையே அவர் கவனிக்கவில்லை.

"எங்க கிளம்பினீங்க?"

"பாலத்துக்கு, சாமி."

எதற்கு என்று சாமி கேட்கவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

அவர் போன நேரம், சமயபுரம் தேர். ரோடு முழுக்க மஞ்சள் ஜனம், பாத யாத்திரை. எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி நடந்து போகிறவர்களை ஆத்தாளாகவே நினைப்பார்கள். வழியில் நிறுத்திக் காலுக்குத் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மோர் கொடுப்பார்கள், பானகம் கொடுப்பார்கள். மஞ்சள் வேட்டி, வெறுங்கால், சவரம் பண்ணாத முகம் என்று ஒரு ஆள் வந்தால் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்?

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண்பிள்ளை குடத்தோடு வந்து அவரை மறித்திருக்கிறாள். இவர் காலைப் பின்னால் இழுத்திருக்கிறார். அவள் விடவில்லை. தரையில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றி, குதிகாலைத் தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். குடித்து முடிக்கிறவரைக்கும் காத்திருந்து, கிட்டே வந்து தன் பிள்ளையின் பெயரைச் சொன்னாள்.

"ஆத்தா முன்னால நின்னு இந்தப் பேரை ஒரு தடவை சொல்லிடுங்க. வேற எதுவும் கேக்க வேணாம்."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

உத்திராபதி இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாயில ஒரு பிள்ளை பேரை வச்சுக்கிட்டு எப்படிக் குதிக்கிறது, சாமி?"

நிற்காமல் பாலத்தைத் தாண்டி நடந்திருக்கிறார். எங்கள் மடத்து வாசலுக்கு வந்ததும் சுருண்டு விழுந்தார். நான்தான் கஞ்சி கொடுத்தேன்.

"ஆத்தாகிட்ட சொல்லியாச்சா?" என்று சாமி கேட்டார்.

இல்லையாம். பெண்டாட்டி செத்த தீட்டோடு கோயிலுக்குள் எப்படிப் போவது? சரி, தீட்டுக் கழிந்த பிறகாவது போனாரா? போனார். கொடிமரத்தைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. தீட்டோடு வாங்கிய பெயர். அதைக் கொண்டுபோய் ஆத்தா முன்னால் வைத்து, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என்ன நோயோ, என்ன கஷ்டமோ. பக்தன் என்று நம்பிக் காலைத் தொட்டவளை இப்படி ஏமாற்றலாமா? திரும்பி வந்துவிட்டார்.

"அதான் பேரை அவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடலாம்னு இருக்கேன். சுத்தமான ஆளாப் பாத்துச் சொல்லி அனுப்பிக்கட்டும்."

"கொடுத்துட்டு?"

உத்திராபதி ஆறு இருக்கும் பக்கம் பார்த்தார். 



சாமியும் அதே பக்கம் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கேட்டார், "மில்லுல இருந்தவர்தானே நீங்க? தூத்தும்போது எது பறக்கும்?"

"பதரு."

"எது காலடியிலேயே விழும்?"

"நெல்லு."

"உங்க வாயில இருக்கிறது எது?"

உத்திராபதி முழித்தார். "புரியல, சாமி."

"எனக்கும் புரியல" என்று நானும் சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லைதான்.

"புரிய வேணாம். தூத்திப் பாத்தாத் தெரிஞ்சுடும். நாளைக்குக் காலையில போயிக் கொடுத்துட்டு வாங்க" என்று சாமி எழுந்து போய்விட்டார்.

நான் விடுவேனா? பின்னாலேயே போனேன். அந்தப் பேர் ஒன்றுதான் அந்த மனுஷரைப் பிடித்து வைத்திருக்கிறது, அதையும் கொடுத்துவிட்டு வா என்கிறீர்களே, அவள் வீடு தெற்குக் கரையில், திரும்பி வரப் பாலத்தைத் தாண்ட வேண்டும், ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது, புத்தி இருக்கிறதா உமக்கு என்று கேட்டேன். அவர் சாமியாச்சே என்றுகூட நான் பார்க்கவில்லை.

"அது அவர்கிட்ட இருக்கிற பொருள், அக்கா. கொடுக்காதேன்னு சொல்ல நான் யாரு?"

"நீங்க சாமி."

"அப்படித்தான் சொல்றாங்க" என்றார். 

மறுநாள் விடிந்ததும் உத்திராபதி போனார். நானும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அன்றைக்குச் சாமி சாப்பிடவில்லை. சும்மா சும்மா வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்தார். பூஜையில் மணியை எடுத்தவர் அடிக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. நானும் குழம்புக்கு உப்புப் போட மறந்துபோனேன்.

பொழுது சாயும் நேரத்தில் உத்திராபதி வந்தார்.

நடந்துதான் வந்திருக்கிறார். முகத்தில் துக்கமும் இல்லை, நிம்மதியும் இல்லை. சந்தையில் வழி தவறியவர் மாதிரி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"தலையும் புரியல, காலும் புரியல, சாமி" என்று உட்கார்ந்தார்.

அந்தப் பெண்பிள்ளை வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லையாம். ரோட்டோரத்து வீடுதான், பெயர் பவளக்கொடி. இவர் வாசலில் நின்று வாயைத் திறப்பதற்குள் அவள் ஓடிவந்து இவர் காலில் விழுந்துவிட்டாள்.

மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்று அழுதிருக்கிறாள். அவள் பிள்ளை அன்றைக்கு நோயில் கிடக்கவில்லை. தேருக்கு மூன்று நாள் முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டது. வீடே தீட்டு. வெளியே போகாதே என்று சொல்லியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாக வந்துவிட்டாள். அவள் அழுதுவிடுவாளே என்று வீட்டில் ஒருத்தரும் பிள்ளை பெயரைச் சொல்வதில்லையாம். யாராவது ஒருத்தர் வாய் திறந்து அந்தப் பெயரைச் சொன்னால் போதும் என்று இருந்திருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் கூட்டமாகப் பாடிக்கொண்டு போனார்கள், இவர் மட்டும் தனியாக வந்தார்.

இவர் காலை இழுத்துக்கொண்டதும் அவளுக்குப் பகீர் என்றதாம். பக்தருக்கு நம் தீட்டுத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஒரு புண்ணியவானுடைய விரதத்தைக் கெடுத்துவிட்டோமே என்று மூன்று மாதமாக அவளுக்கும் தூக்கமில்லை.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"அப்புறம்?" என்றார் சாமி.

"உண்மையைச் சொன்னேன், சாமி. நானும் தீட்டுதாம்மா, நான் கோயிலுக்கு வரல, பாலத்துக்கு வந்தேன்னு."

அதைக் கேட்டதும் அவள் அழுகை நின்றுவிட்டதாம். இவரையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். உள்ளே போய்ச் சாப்பாடு எடுத்து வந்து வைத்தாளாம். 

கை கழுவும்போதுதான் கேட்டிருக்கிறாள்.

"அப்ப என் பிள்ளை பேரு எங்க இருக்கு?"

"என்கிட்டதாம்மா இருக்கு. அதைக் கொடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு உத்திராபதி நிறுத்திவிட்டார். யார் யாருக்கு நல்லது செய்தது, யார் யாரை ஏமாற்றியது என்று எண்ணிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஈரமான கையை வேட்டியில் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாமி கிட்டே போய் உட்கார்ந்தார். கேட்கவே பயந்த மாதிரி மெதுவாகத்தான் கேட்டார்.

"கொடுத்துட்டீங்களா?"

"வாங்க மாட்டேங்குறாங்க, சாமி. அது உசிரோட இருக்கிற ஒருத்தர்கிட்ட இருக்கட்டும்னுட்டாங்க."