காந்த அறை வாசலில் மூவர்

நாகப்பட்டினத்து வழக்கு இது. தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காலையில் மீன் கூறு போட்டுக்கொண்டிருந்த பூமயிலுக்குத் திடீரென வலக்கை விழுந்தது, பேச்சும் நின்றது. மூளையில் அடைப்பா, கசிவா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால்தான் மருந்து கொடுக்க முடியும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் என்றார் டாக்டர் அன்வர்தீன்.

அந்த இயந்திரம் ஒரு மாபெரும் காந்தம். ஆளில்லாதபோதும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் உள்ளே போகிறவர் உடம்பில் உலோகம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது டெக்னீஷியன் பெனடிக்டாவின் பொறுப்பு. வளையல், தோடு, மெட்டி எல்லாம் கழன்றன. தாலியில் கை வைத்ததும் மாமியார் அஞ்சலாட்சி மறித்தாள். மகன் விசைப்படகில் போய் எட்டு நாள். இரண்டு நாளாகப் புயல் எச்சரிக்கை. ஒரு சேதியும் இல்லை.

"எம்புள்ள கரையேறாம அதக் கழட்டக் கூடாதும்மா. நீயும் தாலி கட்டிக்கிட்டவதானே?"

அதுவரைக்கும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று பெனடிக்டா கெஞ்சிப் பார்த்தாள். பத்து நிமிடம் போயிற்று. பூமயிலின் வாய் ஒரு பக்கமாகக் கோணத் தொடங்கியது.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "தங்கத்தக் காந்தம் இழுக்காது பெனடிக்டா. உள்ள கொண்டு போங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் பெனடிக்டா கதவை மறித்து நின்று, உலோகம் கூடாது என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். டாக்டர் அவளை விலக்கிவிட்டு, அந்த அறைக்கென்றே உள்ள இரும்பில்லாத படுக்கையை உள்ளே தள்ளினார்.

இயந்திரத்தின் வாயை நெருங்கியதும் தாலிச்சரடு பூமயிலின் மார்பிலிருந்து தானாக எழுந்து நின்றது. ஆத்திர அவசரத்துக்கு உதவுமென்று பெண்கள் கோத்துவைப்பார்களே, அப்படி இரண்டு ஊக்குகள் அதில் இருந்தன. தங்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் அவை ஒருவர் கண்ணிலும் படவில்லை. சரடு பின்கழுத்தில் இறுகியது. பெனடிக்டா ஓடிப்போய்ப் படுக்கையை வெளியே இழுத்தாள். அஞ்சலாட்சி அழுதுகொண்டே தன் கையாலேயே தாலியைக் கழற்றினாள்.

மகன் உயிருக்குப் பயந்து தடுத்தாள் ஒருத்தி. மருமகள் உயிருக்காக அவசரப்பட்டார் டாக்டர். இருவரோடும் மல்லுக்கட்டி நேரத்தைப் போக்கினாள் மற்றவள். இதில் யார் செய்தது சரி?

விடை: பெனடிக்டா. ஊக்கு இருப்பது அவளுக்கும் தெரியாதே, ஏதோ அதிர்ஷ்டம் என்பீர்கள். இல்லை. டாக்டர் தனக்குத் தெரிந்ததை நம்பித் தள்ளினார்; அவள் தெரியாததற்குப் பயந்து நின்றாள். அந்த அறைச் சாவி பயப்படுகிறவர் கையில்தான் இருக்க வேண்டும். அஞ்சலாட்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மகன் கரையேறி வரும்போது, அந்தத் தாலியைப் போட்டுக்கொள்ள ஒரு கழுத்து உயிரோடு இருக்க வேண்டாமா?