கறிவேப்பிலைப் புழு

அந்த ஆசிரமத்தில் குரு மீனலோசனிக்கு முப்பத்து நாலு வயது. சிஷ்யை வத்சலாவுக்கு ஐம்பத்தொன்பது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இட்லி வெந்ததா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் பானையைத் திறந்து பார்க்கிற பிறவி.

"ஏழு மாசமாச்சு அம்மா. கண்ணை மூடி உட்கார்ந்ததுதான் மிச்சம். நான் கொஞ்சமாவது மாறியிருக்கேனா? இல்லைன்னா சொல்லிடுங்க, ஊருக்குப் போறேன். பெட்டிகூடக் கட்டி வச்சாச்சு."

நிஜம்தான். பெட்டி கதவோரம் தயாராக நின்றது.

குரு கொல்லைக்குப் போய்க் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை ஒடித்து வந்தார். தண்ணீர்க் குப்பியில் செருகினார். இரண்டு இலைகளில் இலைக்கொன்றாகப் பட்டாம்பூச்சி முட்டை, சாமை அரிசியைவிடச் சிறியதாக, மஞ்சளாக.

"வளருங்க டீச்சர். கூட்டுப்புழு ஆகட்டும், அன்னிக்குப் பதில் சொல்றேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"அதுகிட்ட கேளுங்க."

நாலாம் நாள் காலை வத்சலா போட்ட கூச்சலில் சமையல்கார மாரிக்கண்ணு கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ரெண்டும் பொரிஞ்சிடுச்சு! வந்ததும் வராததுமா முட்டை ஓட்டையே தின்னுது பாரு!"

"இதுக்கா? பாம்போன்னு பயந்துட்டேன். காக்கா எச்சம் மாதிரி இருக்கு, டீச்சரம்மா."

"உன் கண்ணுக்கு எல்லாம் எச்சம்தான்."

எச்சம் மாதிரியேதான் இருந்தது. அதனால் என்ன? நாளுக்கு மூன்று தரம் குருவிடம் ஓடினாள் வத்சலா. இலை காலி. நீளம் இரட்டிப்பு. ஒருதரம் சட்டை உரித்தாயிற்று!

ஒன்பதாம் நாள் பெரிய புழு தின்பதை நிறுத்தியது. அசையவும் இல்லை. வத்சலாவுக்குப் பொறுக்கவில்லை. பிரஷ்ஷால் நெம்பியெடுத்துத் தளிர் இலையில் விட்டாள். சாயங்காலம் அது சுருண்டு கிடந்தது.

"சட்டை உரிக்கத்தான் அசையாம இருந்தது," என்றார் குரு. "இலையில நூல் பின்னிக் காலை ஊன்றியிருந்தது. நீங்க பிடுங்கிட்டீங்க."

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்!"

குரு செத்த புழுவை இலையோடு எடுத்துப்போய்க் கொல்லை மண்ணில் வைத்தார்.

மறுநாள் மற்றதும் அசையாமல் நின்றது. வத்சலா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கை பரபரத்தது. விடவில்லை. மத்தியானம் தோல் மெல்ல வாலுக்கு நழுவியது. உள்ளேயிருந்து வந்தது பச்சை! பளிச்சென்ற பச்சை! மாரிக்கண்ணு ஊதியதும் தலையில் ஆரஞ்சுக் கொம்பு இரண்டு நீண்டன. நாற்றம் வேறு.

"கொம்பு! அம்மா, ஓடி வாங்க, கொம்பு!"

பதினாறாம் நாள் குப்பியில் காம்பு மட்டும் இருந்தது. புழுவைக் காணோம். கட்டிலடி, பாய், சமையலறை வரை தேடியாயிற்று.

"ஒன்னைக் கொன்னேன், ஒன்னைத் தொலைச்சேன்," என்றாள் வத்சலா. "எனக்கு இதெல்லாம் வராது அம்மா. நாளைக்கு நாலு மணி பஸ்ஸில் கிளம்பறேன்."

"சரி," என்றார் குரு.

மறுநாள் பெட்டியைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கைப்பிடிக்கு அடியில் புழு. பனையேறி மரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு சாய்வதுபோல், இடுப்பில் ஒற்றை நூல் சுற்றிச் சாய்ந்திருந்தது. பார்க்கப் பார்க்க முதுகு வெடித்தது. தோல் சுருங்கிச் சுருங்கிக் கீழே போனது. கொம்பும் காலும் போய், இலைச்சுருள் போல ஒன்று நெளிந்தது.

வாசலில் ஹாரன்.

"பஸ் வந்துட்டான் டீச்சரம்மா! பெட்டியைக் கொடுங்க."

"தொடாதே." வத்சலா கத்தவில்லை. பக்கத்தில் நின்ற மாரிக்கண்ணுவுக்கே அரைகுறையாகக் காதில் விழுந்த குரல்.

ஹாரன் இன்னும் இரண்டு தரம் அடித்தது. பஸ் போய்விட்டது. வத்சலா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கைகள் மறுபடி பின்னால் போயிருந்தன.

வெயில் சாய்ந்தபோது குரு வந்து எட்டிப் பார்த்தார்.

"கூட்டுப்புழு ஆயிடுச்சே டீச்சர். உங்க கேள்விக்குப் பதில் சொல்லட்டுமா?"

வத்சலா திரும்பவில்லை. உதட்டில் விரலை வைத்தாள்.