யாக் மாட்டின் முதுகில் ஒரு குறி

அறுபது வயதுச் சீடருக்கு முப்பத்து நான்கு வயதுக் குரு வாய்த்தது, இமயமலையில் ஒரு கூடாரத்தில்.

சீடர் ஆவுடையப்பன். திருநெல்வேலிப் பக்கம் முப்பது வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்ற சர்வேயர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஆகாயத்திலிருந்து பனியாற்றை அளக்கும் வித்தையைக் கற்க வந்திருந்தார். குரு மெர்லின், விஞ்ஞானி. அவள் ஆவுடையப்பனை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

வித்தை இதுதான். செயற்கைக்கோள் ஒரே பனியாற்றைப் பதினோரு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரேடாரால் படம் பிடிக்கும். இரண்டையும் சேர்த்தால் வண்ண வரிகள் தோன்றும். உயரம் தெரிந்த ஓர் இடத்தில் தொடங்கி வரிகளை எண்ணிக்கொண்டே போனால், மற்ற இடங்களின் உயரமும் சரிவும் கிடைத்துவிடும்.

அன்று காலை ஆவுடையப்பனின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"டீச்சர், பனியாத்தோட கீழ்நுனி அறுபது அடி எழும்பி நிக்கி. நேர் கீழ ஊரு கிடக்கு. இடிஞ்சு விழுந்தா ஒரு வீடு மிஞ்சாது."

ஊர்த்தலைவி யாங்சின் வெளியே காத்திருந்தாள். நாற்பது வீடுகள். பார்லி முற்றி நின்றது. அறுவடைக்கு இன்னும் பத்து நாள். இப்போது ஊரைக் காலி செய்தால் குளிர்காலம் முழுக்கப் பட்டினி. இருப்பதா போவதா என்று மதியத்துக்குள் அவளுக்குச் சொல்லியாக வேண்டும்.

மெர்லின் படத்தைப் பார்த்தாள்.

"எங்கேயிருந்து எண்ணினீங்க அண்ணாச்சி?"

"பனிக்கு நடுவுலருந்து. போன வருசம் அளந்த உயரம் இருக்குல்லா. வரியும் அங்கதான் தெளிவா கிடக்கு. பாறைப் பக்கம் ஒரே நெருக்கம், கண்ணு வலிக்கி."

மெர்லின் எழுந்தாள். அசையாத கல்லில் உயரக் குறி போடவென்று ஊரிலிருந்து அவர் பழக்க தோஷத்தில் தூக்கி வந்திருந்த வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். யாங்சினின் யாக் மாடு அசை போட்டுக்கொண்டு நின்றது.

"இது முதுகுல ஒரு பெஞ்ச் மார்க் போடுங்க. இதை வச்சே ஊரை அளந்துடலாம்."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாங்சினுக்கு வரவில்லை.

"விளையாடாதீங்க டீச்சர். மாடு நவுந்துருமே! நவுர்ற சாமான்ல எவனாவது..."

மாட்டைப் பார்த்தார். நிமிர்ந்து பனியாற்றைப் பார்த்தார். அந்தப் பதினோரு நாளில் நடுப்பனி ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலே போதும்; ரேடார் வரியில் அந்த நகர்வும் அறுபது அடி உயரமும் ஒன்றுபோலவே தெரியும். நடுப்பனியை நகராததாக வைத்து எண்ணினால், அசையாமல் கிடக்கும் கீழ்நுனி அறுபது அடி எழும்பியதாகப் படம் காட்டும்.

"பனியோரமா ஊர்க்காரங்க கொடிமரம் நட்டிருக்கிற பாறையோட உயரம் நம்மகிட்ட இருக்கு" என்றாள் மெர்லின்.

அவர் உள்ளே போய்ப் பாறையிலிருந்து எண்ணத் தொடங்கினார். வரிகள் இடித்துக்கொண்டு நின்றன. இரண்டு முறை கணக்கு விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து வந்தார். மதியம் நெருங்கியபோது படத்தில் அந்த அறுபது அடி மேட்டைக் காணோம். கீழ்நுனி போன வருடம் இருந்த மாதிரியே படுத்திருந்தது. இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

தெரிந்த இந்தியில் யாங்சினிடம் சொன்னார், "பயமில்லை. அறுத்துக்கோங்க."

அவள் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். பிறகு மாட்டை இழுத்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனாள். ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் சர்வேயர் புத்தி விடவில்லை.

"டீச்சர், அந்தப் பாறை நவுராதுன்னு என்ன நிச்சயம்?"

"நகரும் அண்ணாச்சி. இந்த மலையே வருசா வருசம் நகர்ந்துகிட்டுத்தான் இருக்கு."

"அப்பொ எதை நம்பி அளக்க?"

மெர்லின் கீழே பார்த்தாள். வயலோரம் யாங்சின் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த அறுவடைக்கு அந்தப் பாறை நிக்கும். அடுத்த அறுவடைக்கு முன்னாடி வந்து மறுபடி அளப்போம்."