நீர்க்காகத்தின் இடது மோட்டார்

தூத்துக்குடிக்கு வடக்கே, கடலை ஒட்டி ஜெசிந்தாவின் படகுப் பட்டறை இருந்தது. கட்டிய படகுக்கு மோட்டார் பொருத்துவதில் அந்தக் கரையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவளிடம் தொழில் படித்தவர்கள் இரண்டு பேர். மூத்தவன் செலஸ்டின். அவன் வந்து சில வருடம் கழித்து வந்தவன் ரோமால்டு.

வயதில் ஜெசிந்தா செலஸ்டினுக்கு இளையவள். அதனால் அவனை அண்ணே என்பாள். தொழிலில் பெரியவள், அதனால் அவன் அவளை மாஸ்டர் என்பான். இதில் இரண்டு பேருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. சங்கடமெல்லாம் ரோமால்டு வந்த பிறகுதான்.

அந்த வருடப் பந்தயத்துக்கு நீர்க்காகம் என்றொரு படகு தயாராகிக்கொண்டிருந்தது. மூக்கு நீண்ட, இரட்டை மோட்டார் வேகப் படகு. ஸ்டீரிங் முன்னால் ஒரு சீட்டு. அதன் வலப்பக்கம் இன்னொரு சீட்டு. அந்த இரண்டாவது சீட்டுக்காரன் கையில்தான் த்ராட்டில் இருக்கும். எப்போது முடுக்குவது, எப்போது அடக்குவது என்பதெல்லாம் அவன் பொறுப்பு. ஒவ்வொரு வருடமும் ஜெசிந்தா ஸ்டீரிங்கைப் பிடிப்பாள். த்ராட்டிலை செலஸ்டின் பிடிப்பான்.

இந்த வருடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

செலஸ்டினுக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றுக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல தினம் ஒன்று நடந்தது. மாஸ்டர் தன் சொந்த ஸ்பானரை ரோமால்டிடம் கொடுத்தாள். யாரையும் தொடவிடாத ஸ்பானர் அது. இன்னொரு நாள், வெள்ளோட்டம் பார்க்க வந்த வேறொரு படகின் ஸ்டீரிங்கை அவனிடம் விட்டாள். பின்பலகையில் மோட்டாருக்கு ஓட்டை போட ரோமால்டு நடுவில் நூல் அடித்தபோது, "கோடு நல்லா விழுந்திருக்கு தம்பி" என்றாள். அடித்த ஒவ்வொரு கோட்டுக்கும் பாராட்ட வேண்டுமென்றால் செலஸ்டினுக்கு அவள் கோயில் கட்டியிருக்க வேண்டும்.

கடைசியில் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"மாஸ்டர், த்ராட்டில் சீட்டு இந்தத் தடவ யாருக்கு?"

ஜெசிந்தா இடது கையில் டீ கிளாஸைப் பிடித்தபடி வலது தோளைச் சுவரில் சாய்த்து நின்றாள்.

"மோட்டாரை மாட்டுங்கண்ணே. பெறகு பேசுவோம்."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இரட்டை மோட்டார் படகு என்றால் இரண்டையும் ஒரே ஆள் மாட்டக்கூடாது. இடதை ஒருவர் மாட்ட வேண்டும், வலதை ஒருவர். மாட்டி முடித்த பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பியை இருவரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் பூட்ட வேண்டும். அதுவரை மாஸ்டர் கிட்டே வரமாட்டாள். ஏன் இப்படி என்று செலஸ்டின் ஒருநாளும் கேட்டதில்லை.

இடது மோட்டார் செலஸ்டினுக்கு வந்தது. வலது ரோமால்டுக்கு.

சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கில் மோட்டாரைத் தூக்கிப் படகின் பின்பலகையோடு சேர்த்தார்கள். பலகையைக் கவ்வும் மோட்டாரின் பிடியில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓட்டைகள் இருக்கும். எந்த ஓட்டையில் போல்ட் போடுகிறோமோ அதற்குத் தக்கபடி மோட்டார் ஏறும், இறங்கும். ஏற ஏறத் தண்ணீரின் இழுவை குறையும், படகு துள்ளும். வேகப் படகுக்காரர்கள் அதனால்தான் மோட்டாரைக் கொஞ்சம் தூக்கியே வைப்பார்கள். கொஞ்சம் என்பது எவ்வளவு என்பதில்தான் தொழிலே இருக்கிறது.

"அண்ணே, எத்தனாவது ஓட்டையில வச்சிருக்கிய?" என்று ரோமால்டு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"ரெண்டு."

"நானும் ரெண்டுல வைக்கேன்."

செலஸ்டின் வைத்தது மூன்றில். ஒரு ஓட்டை கூடுதல் உயரம். வெள்ளோட்டத்தில் மோட்டார் சுற்றும் வேகத்தைக் காட்டும் இரண்டு மீட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இடது முள் வலது முள்ளைத் தாண்டி ஏறும். மாஸ்டர் பார்ப்பாள். அவ்வளவு போதும் அவனுக்கு. அளவுக்கு மீறித் தூக்கினால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அன்று அதை நினைக்க அவனுக்கு மனமில்லை.

தண்ணீர் புகாதபடி ஓட்டைகளுக்கு சிலிக்கான் பசை வைத்துப் போல்ட்டை முறுக்கினார்கள். குறுக்குக் கம்பியை ஆளுக்கொரு முனையாகப் பூட்டினார்கள். ரோமால்டு கம்பியின்மேல், மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தான். செலஸ்டின் அவன் முகத்தையே பார்த்தான். ரோமால்டு ஒன்றும் பேசாமல் ரசமட்டத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். பயல் பார்க்கத் தெரியாமல் பார்க்கிறான் என்று செலஸ்டின் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

மறுநாள் காலை கடல் தட்டுப்போலக் கிடந்தது. நீர்க்காகத்தைத் தண்ணீரில் தள்ளினார்கள். ஜெசிந்தா ஸ்டீரிங்கில் உட்கார்ந்தாள்.

"தம்பி, நீ த்ராட்டில்ல உக்காரு. அண்ணே, நீங்க பின்னால நில்லுங்க."

பின்னால். எத்தனையோ பந்தயம் அந்தச் சீட்டில் உட்கார்ந்தவன் அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். ரோமால்டின் பிடரியைப் பார்த்தபடி பல்லைக் கடித்தான். பிடரியில்கூட அவனுக்கு ஒரு திமிர் தெரிந்தது.

கரையை விட்டு விலகியதும் ரோமால்டு முடுக்கினான். படகு மூக்கைத் தூக்கி, பிறகு தாழ்த்தி, தண்ணீரின்மேல் ஏறி ஓடத் தொடங்கியது. செலஸ்டின் இரண்டு தோள்களுக்கும் நடுவே எட்டி மீட்டரைப் பார்த்தான். முதலில் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறின. பிறகு இடது முள் வலதை விட்டுவிட்டு மேலே போனது. இன்னும் போனது.

அவனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

"மாஸ்டர், எடது முள்ளப் பாருங்க."

"பாக்கேன்."

அவள் குரல் இறுகியிருந்தது. ஸ்டீரிங்கை இடது கையால் மட்டுமே பிடித்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. படகு இடப்பக்கம் இழுத்தது. அந்தப் பக்கம் அலையைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவு கடலுக்குள் நீண்டு கிடந்தது. அவள் படகைத் திருப்பி நேராக்கினாள். மறுபடி இழுத்தது.

"தம்பி, குறை."

படகு அமர்ந்தது. அவள் எழுந்து நகர்ந்தாள்.

"அண்ணே, ஸ்டீரிங்குக்கு வாங்க. தம்பி, இப்ப பழையபடி முடுக்கு."

செலஸ்டின் உட்கார்ந்தான். படகு வேகம் எடுத்ததும் ஸ்டீரிங் அவன் கையைப் பிடுங்கியது. இடது பக்கம், இடது பக்கம் என்று ஒரே இழுப்பு. இரண்டு கையாலும் மல்லுக்கட்டினான். தூண்டில் வளைவின் கற்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன.

பின்னால் நின்ற ஜெசிந்தா குனிந்து அவன் காதருகே கேட்டாள்.

"எந்த மோட்டாரு வேகமாச் சுத்துது?"

"எடது."

"எந்த மோட்டாரு படகத் தள்ளுது?"

செலஸ்டின் மறுபடி மீட்டரைப் பார்த்தான்.

"ஒருதரம் திரும்பிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தான். வலது மோட்டாருக்குப் பின்னால் தண்ணீர் கெட்டியாக, முறுக்கிய கயிறுபோல ஓடியது. இடது மோட்டாருக்குப் பின்னால் வெறும் நுரை. புரொப்பெல்லர் தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றைக் கடைந்துகொண்டிருந்தது. அதனால்தான் முள் அவ்வளவு லேசாக ஏறியது.

"வலது" என்றான்.

"கரைக்குப் போவோம் தம்பி" என்றாள் ஜெசிந்தா. திரும்பி வரும்வரை அவள் கரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை.

கரையில் படகை ஏற்றியதும் ஜெசிந்தா பட்டறைக்குள் போய்விட்டாள். செலஸ்டின் செயின் பிளாக்கை இழுத்து வந்தான். குறுக்குக் கம்பியைக் கழற்றினான். ரோமால்டு மறுமுனையைப் பிடித்தான். அவன் முகத்தைப் பார்க்காமலே செலஸ்டின் சொன்னான்.

"ரெண்டுன்னு சொன்னது பொய்யி. மூணுல வச்சேன்."

"தெரியும்ணே."

செலஸ்டின் நிமிர்ந்தான்.

"ரசமட்டத்துல குமிழி ஒதுங்கி நின்னுச்சு. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

ரோமால்டு கம்பியைத் தரையில் வைத்தான். கையில் ஒட்டியிருந்த கிரீஸை ஒரு துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"மாஸ்டர் முன்னால நீங்க மாட்டிக்கிடணும்னு நெனச்சேன்."

"நான் உனக்கு என்னலே செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. எது கேட்டாலும் மாஸ்டர் 'அண்ணன்ட்ட கேளு'ம்பாவ. கோடு போட்டா, 'அண்ணன் போடுற மாதிரி போடு'ம்பாவ. நல்லா விழுந்திருக்குன்னு அன்னைக்குச் சொன்னாவல்லா, அது ஒருதரம். அதுக்கு முன்னால எத்தன கோட்ட அழிக்கச் சொன்னாவ தெரியுமா? என் காதுல ஒங்க பேருதான் கேட்டுக்கிட்டே இருக்கும். வெறுத்துப் போச்சுண்ணே."

செலஸ்டினுக்கு இவனை அடிப்பதா, தோளில் கை போடுவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் செயினைப் பிடித்து இழுத்தான். ரோமால்டு மோட்டாரைத் தாங்கிக்கொண்டான். மூன்றிலிருந்து இரண்டுக்கு மோட்டார் இறங்கியது. பழைய சிலிக்கானைச் சுரண்டிப் புதிதாக வைத்தார்கள். கம்பியை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் பூட்டினார்கள். இந்தமுறை ரசமட்டத்தை இருவரும் சேர்ந்து குனிந்து பார்த்தார்கள், தலை இடித்துக்கொண்டது. குமிழி நடுவில் நின்றது.

இரண்டு பேரும் பட்டறைக்குள் போனார்கள். ஜெசிந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை செலஸ்டின் ஒளிக்காமல் சொன்னான். தன் பங்கை ரோமால்டு சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். புதிதாக எதையோ கேட்ட மாதிரி அவள் முகம் இல்லை.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்" என்றான் செலஸ்டின். "நீங்களே ரெண்டையும் மாட்டிருந்தா இந்தக் கோளாறே வந்திருக்காது. ஏன் ரெண்டு பேருட்ட குடுக்கிய?"

"வராமத்தான் இருந்திருக்கும். ஒங்க ரெண்டு பேருக்குள்ள இருக்குற கோளாறு பந்தயத்தன்னைக்கு நடுக்கடல்ல வந்திருக்கும். இங்கன்னா ஸ்பானர் இருக்கு. அங்க நீந்தத்தான் செய்யணும்."

செலஸ்டின் கையிலிருந்த ஸ்பானரைப் பெஞ்சில் வைத்தான்.

"எனக்கு அந்தச் சீட்டு வேண்டாம் மாஸ்டர். தம்பிக்கே குடுங்க."

"எனக்கும் வேண்டாம். அண்ணனே உக்காரட்டும்" என்றான் ரோமால்டு.

நேற்றுவரை பிடுங்குவதில் போட்டி. இன்று விட்டுக்கொடுப்பதில் போட்டி. யார் முதலில் சொன்னது என்பதில் இன்னொரு சண்டை வராத குறைதான். செலஸ்டினுக்கே தன் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டியிருப்பது கேட்டது, வெட்கமாக இருந்தது.

ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.

"எந்தச் சீட்டுண்ணே?"

"ஒங்க பக்கத்துச் சீட்டுதான்."

அவள் வலது கையைத் தூக்கினாள். தோள் உயரத்துக்கு வருமுன் கை நின்றுவிட்டது. அதற்குமேல் போகவில்லை. இடது கையால் அதைத் தாங்கி மெதுவாக மடியில் வைத்தாள்.

செலஸ்டின் அந்தக் கையையே பார்த்தான். ஸ்பானரை அவள் ஏன் ரோமால்டிடம் கொடுத்தாள் என்று அவனுக்கு இப்போது புரிந்தது. வேறு படகின் ஸ்டீரிங்கை ஏன் விட்டாள் என்பதும் புரிந்தது. சுவரில் சாய்ந்து நின்று டீ குடித்ததும் நினைவுக்கு வந்தது. இவ்வளவு நாளும் அவன் கண்ணுக்கு முன்னால்தான் எல்லாம் நடந்தது. அவன் கண் ரோமால்டின் மேல் இருந்தது.

"மாஸ்டர்..." என்றான்.

"எம் பக்கத்துச் சீட்டுன்னு ஒண்ணு கெடையாதுண்ணே" என்றாள் ஜெசிந்தா. "படகுல சீட்டு ரெண்டு. நீங்க ரெண்டு பேரு. நான் கரையில நின்னு பாப்பேன்."