குருவி மூக்கு அளவு

மலையடிக் காட்டில் ஒரு பெரிய ஏரி இருந்தது. அதில் மீன் பிடிக்க உரிமம் வேண்டும். உரிமம் என்றால் வேறொன்றும் இல்லை, ஏரியைக் காக்கும் நாரையின் இறகு! அது தானாக உதிர்ந்தால்தான் உண்டு. அதனால் நாலைந்து பேருக்கு மேல் யாரிடமும் உரிமம் இருந்ததில்லை.

பிடித்த மீனை நாரையிடம் காட்டவும் வேண்டும். நாரை தன் அலகை மீனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். மீன் அலகைவிடக் குட்டையா? "இது இன்னும் ஒரு தடவைகூட முட்டை போடலை, விட்டுடு" என்று தண்ணீரில் விடச் சொல்லிவிடும்.

நீர்நாய் அம்மாவுக்கு இதில் ஒரே வயிற்றெரிச்சல். வளையில் மூன்று குட்டிகள் எந்நேரமும் பசி, பசி என்று கத்தின. ஒரு நாள் அது காட்டையே கூட்டியது.

"மீன் தின்கிறவரே மீனை அளக்கிறார். இது என்ன நியாயம்? மீன் வாசனையே பிடிக்காதவர் அளக்கட்டும்! நம்ம தூக்கணாங்குருவியைவிட நடுநிலையானவர் யாரு?"

கூட்டம் ஆரவாரம் செய்தது. குருவிக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அதை யாரும் ஒரு ஆளாக மதித்ததில்லை.

"குருவியாரே, மீன் எப்போ முட்டை போடும்னு உமக்குத் தெரியுமா?" என்று கேட்டது நாரை.

"அது எனக்கு எதுக்கு? மூக்கை வச்சு அளந்தாப் போச்சு" என்றது குருவி.

மறுநாள் ஏரிக்கரை திருவிழாவாகிவிட்டது. குருவி தன் கூட்டிலிருந்து புல்லை உருவி உருவி உரிமம் கொடுத்தது. நரி வாங்கியது, காக்கை வாங்கியது. தண்ணீரைக் கண்டாலே ஓடும் காட்டுப்பூனைகூட ஒன்று வாங்கிக் காதில் செருகிக்கொண்டது! எந்த மீனை வைத்தாலும் குருவி மூக்கைவிட அது நீளம்தானே? "செல்லும்! செல்லும்!" என்று கத்தியே குருவிக்குத் தொண்டை கட்டிவிட்டது. நீர்நாய்க் குட்டிகள் வயிறு முட்டத் தின்று உருண்டன.

மழை வந்தது. ஏரி நிரம்பியது. முட்டை போடத்தான் மீன் இல்லை. நரியும் காக்கையும் புல்லை வீசிவிட்டு வேறு பக்கம் போய்விட்டன. நீர்நாய் எங்கே போகும்? நாள் முழுக்க மூழ்கினாலும் ஒரு நண்டு, ஒரு நத்தை. குட்டிகளின் விலா எலும்பு தெரிந்தது. அம்மாவுக்கு அழுகையாக வந்தது.

ஒரு காலை, அல்லிக்கொடிக்கு அடியில் கறுத்த முதுகு ஒன்று நெளிந்தது. பெரிய விரால்!

நீர்நாய் பாய்ந்தது. விரால் கொடிக்குள் நுழைந்தது, நீர்நாயும் நுழைந்தது. விரால் சேற்றைக் கிளப்பியது. ஆனாலும் தூர ஓடாமல் அதே இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. ஒரே எட்டில் அதைக் கவ்விக் கரைக்கு இழுத்தது நீர்நாய். குட்டிகள் வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்தன.

"செல்லும்! நாரை மூக்குக்கே செல்லும்!" என்று கூவியது குருவி.

அப்போது நீர்நாய் தண்ணீரைப் பார்த்தது. விரால் சுற்றிய இடத்தில் செக்கச்செவேலென்று பொடிக்குஞ்சுகள் மேலே வந்து, தாயைக் காணாமல் அலைந்தன. ஏரியில் மிச்சமிருந்த குஞ்சுகளே அவ்வளவுதான்.

நீர்நாய் மெல்ல வாயைத் திறந்தது. விரால் துள்ளித் தண்ணீருக்குள் போனது.

"சட்டப்படி செல்லும்னு சொல்றேனே!" என்று பதறியது குருவி.

"செல்லும்தான். இந்தக் குஞ்சுங்க செத்துட்டா அப்புறம் என் புள்ளைங்க எதைத் தின்னும்?"

நீர்நாய் நேராக நாரையிடம் போனது. "ஐயா, தப்பு என்மேலதான். நீங்களே வந்து அளங்க. குஞ்சோட இருக்கிற விராலைத் தொடக்கூடாதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

நாரை வந்து நின்றது. குருவி நிம்மதியாகக் கூடு கட்டப் போனது. அந்த வருடம் குட்டிகள் நண்டு தின்றே பிழைத்தன. அடுத்த மழைக்கு ஏரியெங்கும் சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள் துள்ளின!

தன் வசதிக்காக அளவைக் குறைப்பவர் தன் பிள்ளைகளின் சோற்றைத்தான் குறைக்கிறார்.