ஒரு கூரை, இரண்டு அடுப்பு

வீட்டுக்கு ஒரு சோடி ஆடு தருவதற்காகக் கணக்கெடுக்க வந்த அதிகாரி, கணவனை இழந்து, அவன் அண்ணன் குடும்பத்தோடு ஒரே கூரையின்கீழ் இருந்த மாராயியைத் தனி வீடாக எழுத மறுத்தார்.

"கூரை ஒன்று, வாசல் ஒன்று. ஆடு கிடைக்கும் என்றதும் ஊரே தனி அடுப்பு மூட்டிக் காட்டுகிறது. நீயும் நேற்றுத்தான் மூட்டியிருப்பாய்."

"இருக்கட்டும் சாமி, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க," என்று மாராயி அவருக்குக் களி வைத்தாள். பிறகு, கொல்லையில் கம்பு இடித்துக்கொண்டிருந்த ஓரகத்தியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, விருந்தாளி வந்திருக்காரு. கொஞ்சம் குழம்பு ஊத்துங்க."

"உன் வீட்டுக்கு வந்தவனுக்கு நான் எதுக்கு ஊத்தணும்? போன தையில வாங்குன உப்பையே நீ இன்னும் திருப்பித் தரலை," என்று கொல்லையிலிருந்து பதில் வந்தது.

அதிகாரி வெறுங்களியை விழுங்கிவிட்டு, மாராயி வீட்டைத் தனியாக எழுதினார்.

அவர் எழுதி முடித்த பிறகுதான், அவள் தன் அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியை இறக்கினாள்.